ஓர் ஆணையும் ஓராயிரம் கணனிகளும் – ஒரு வரலாற்று நோக்கு

கணனிக் கூடம் ஒன்றிலே நாற்பது கணனிகள் இருக்கின்றன எனக் கொள்வோம். அவை அனைத்திலும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்யவேண்டியுள்ளது. பொறுப்பாளர் முதலாவது கணனியின் முன் அமர்ந்து ஓர் ஆணையைத் தட்டெழுதுகிறார். அது நிறைவேறும்வரை காத்திருக்கிறார். பின்னர் எழுந்து இரண்டாவது கணனிக்குச் செல்கிறார். நாற்பதாவதை அவர் அடையும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. இடையிலே ஒன்றைத் தவறவிட்டாரா, எங்கேனும் ஓரெழுத்தைப் பிழையாகத் தட்டிவிட்டாரா என்பதும் அவருக்கு நிச்சயமில்லை. இதே மனிதர் தம் இருக்கையில் இருந்தவாறே ஆணையை ஒரே தடவை எழுதி, நாற்பது கணனிகளும் அதனை ஒரே வேளையில் நிறைவேற்றுமாறு செய்தல் இன்று கூடும். நாற்பதாயினும் நாலாயிரமாயினும் எழுதப்படுவது ஒரு வரியே. வங்கிகளினதும் ஆய்வுகூடங்களினதும் பெருங் கணனித் தொகுதிகள் இவ்வாறே பராமரிக்கப்படுகின்றன.

இது விஞ்ஞான, பொறியியற் பீடங்களுக்குரிய விடயமாயிற்றே. கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கப்படலாம். ஆணை என்பது வரலாற்று மாணவருக்கு மிகவும் பரிச்சயமான ஒரு பொருள். ஆணையிடும் உரிமை யாருக்குண்டு? வந்த ஆணை உரியவரிடமிருந்தே வந்தது என்பதை அதனைப் பெறுபவர் எவ்வாறு அறிவார்? ஆணை சென்றடையாத இடத்தில் நிலைமை என்னாகும்? ஆணையே பிழையானதாயின் அதன் விளைவைத் தடுப்பது யாது? அரசுகளின் வரலாற்றைக் கற்கும்போது நாம் எழுப்பும் இந்நான்கு வினாக்களும், தொலைவிலுள்ள பல கணனிகளை ஒருவரே ஆளத் தொடங்கியபோது மீண்டும் எழுந்தன. அவ்வினாக்களுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆணை எழுத்தாதல்

கணனிகள் தோன்றிய ஆரம்ப காலத்தில் அவற்றோடு நேரே உரையாடுதல் அரிதாகவே இருந்தது. தம் வேலையைத் துளையிட்ட அட்டைகளிலே பதித்து இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, மணித்தியாலக் கணக்கில் விடைக்காகக் காத்திருப்பதே ஆய்வாளரின் வழக்கம். இந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் தலையாயது, ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவாகி, 1961 நவம்பரில் செய்துகாட்டப்பட்ட நேரப்பகிர்வு முறைமையாகும். ஒரே கணனியைப் பலர் தத்தம் தட்டெழுத்துக் கருவிகளின் முன் இருந்தவாறே ஒருசேரப் பயன்படுத்த அது வழிவகுத்தது. மனிதர் ஒரு வரியை எழுத, கணனி அதற்கு மறுமொழி தரும் வழக்கம் இங்ஙனம் வேரூன்றிற்று.

அம்முறைமையிற் பணியாற்றியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டவரான லூயி பூசான். ஆணைகளையே கற்களாகக் கொண்டு அவற்றினும் பெரிய ஆணைகளைக் கட்டலாம் என்று அவர் கருதினார். ஆணைகளை ஒரு கோப்பிலே வரிசையாக எழுதிவைத்து, கோப்பின் பெயரைச் சொன்ன அளவில் அவை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறச் செய்யும் 'ரன்கொம்' என்ற நிரல் அவர் ஆக்கியதே. அடுத்து உருவான மல்ரிக்ஸ் என்னும் முறைமைக்காக, மனிதருக்கும் இயந்திரத்தின் உட்பகுதிக்கும் இடையே நின்று ஆணைகளை வாங்கி நிறைவேற்றுவிக்கும் நிரலுக்கு அவர் 'ஷெல்' என்று பெயரிட்டார். எமது நாட்டிலே இச்சொல் நெடுங்காலம் வேறொரு கொடிய பொருளில் வழங்கியதை வாசகர் அறிவர். ஈண்டு அது உள்ளீட்டை மூடிநிற்கும் ஓட்டையே குறிக்கும். மல்ரிக்ஸ் முறைமையின் முதலாவது ஷெல்லை 1965இல் எழுதியவர் கிளெண்டா ஷ்ரோடர் என்ற பெண்மணியாவார்.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யுனிக்ஸ் முறைமையை உருவாக்கத் தொடங்கினர். 1971இல் தொம்சனின் ஷெல்லும், 1979இல் ஸ்ரீவன் போர்ன் எழுதிய ஷெல்லும் அதனுடன் வெளிவந்தன. பின்னையதன் வழித்தோன்றல்கள் இன்றும் வழக்கிலுள்ளன. இவ்வளர்ச்சியில் மனங்கொள்ளவேண்டியது ஒன்றே: ஆணை எழுத்தாயிற்று. பேசிய சொல் பேசியவிடத்திலேயே முடிந்துவிடும். ஓலையில் எழுதிய சொல்லையோ பாதுகாக்கலாம், படியெடுக்கலாம், பிறரிடம் அனுப்பலாம். ஷெல் ஆணையும் வெறும் எழுத்து வரியாக இருந்தமையினாலேயே பிற்காலத்தில் அதனைக் கம்பி வழியே ஆயிரம் கணனிகளுக்கு அனுப்புதல் இயல்வதாயிற்று.

ஆணை தொலைவு செல்லுதல்

1969 ஒக்ரோபர் 29ஆம் திகதி இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கணனியிலிருந்து அதே மாநிலத்தின் ஸ்ரான்போர்ட் ஆய்வு நிறுவகத்திலுள்ள கணனிக்கு, ஆர்ப்பாநெற் எனப்படும் வலையமைப்பின் முதலாவது செய்தி அனுப்பப்பட்டது. அனுப்பியவர் சார்லி கிளைன் என்ற மாணவர். அவர் தட்டெழுத முற்பட்ட சொல் 'லொகின்' என்பது. அதன் முதலிரண்டு எழுத்துக்கள் மாத்திரமே மறுமுனையை அடைந்தன. அத்துடன் அங்கிருந்த முறைமை செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின்னரே முயற்சி முழுமையாகக் கைகூடிற்று.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு சுவையான செய்தியாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. ஆயின் அதில் ஓர் ஆழ்ந்த உண்மையும் உண்டு. 'உள்நுழைய அனுமதி' என்பதே அச்சொல்லின் கருத்து. பிற்காலத்தில் மடல்களுக்கும் உரையாடல்களுக்கும் ஊடகமாகப் புகழ்பெற்ற இவ்வலையமைப்பில் முதன்முதலாகச் சென்ற சொல், தொலைவிலுள்ள கணனி ஒன்றினுள் புகுந்து அதனைப் பணிகொள்ள எழுந்த வேண்டுகோளே. ஆணையிடும் வேட்கை வலையமைப்போடு உடன்பிறந்தது எனலாம்.

எனினும் அக்காலத்து ஏற்பாடு ஒருவருக்கு ஒரு கணனி என்ற அளவிலேயே அமைந்தது. ஒருவர் பல கணனிகளை ஒருங்கே இயக்கும் நிலைமை, மலிவான சிறு கணனிகள் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கில் இணைக்கப்பட்ட பின்னரே தோன்றியது. அத்தகைய முதலிடங்களுள் ஒன்று கலிபோர்னியாவிலுள்ள ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வு நிலையம். அங்கே ஜோன் ஷொக், ஜோன் ஹப் என்னும் இருவர், இரவிலே வேலையின்றிக் கிடக்கும் கணனிகளைத் தானாகவே தேடிச்சென்று, அவை அனைத்திலும் தன்னைப் பரப்பிக்கொண்டு ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் நிரல்களை ஆக்கினர். ஜோன் புறன்னர் 1975இல் வெளியிட்ட அறிவியற் புனைகதையொன்றை அடியொற்றி அவற்றிற்குப் 'புழு' என்று பெயரிட்டனர்.

ஒருநாள் இரவு அவர்கள் சிறியதொரு புழுவை இயங்கவிட்டுச் சென்றனர். அதன் பிரதியொன்று எவ்வாறோ பழுதுற்றது. மறுநாட் காலையில் கட்டடமெங்குமுள்ள கணனிகள் செயலற்றுக் கிடந்தன. ஒன்றை மீண்டும் இயக்கியதும் புழு அதனைப் பற்றிக்கொள்ள, அதுவும் உடனே வீழ்ந்தது. நல்ல வேளையாக, புழுவின் எல்லாத் துண்டுகளையும் ஒரேயடியாக நிறுத்தும் சிறப்புச் செய்தியொன்றை அவர்கள் முன்கூட்டியே அமைத்திருந்தனர். அச்செய்தி வலையமைப்பில் விடப்பட்டதும் எல்லாம் அடங்கின. ஏறத்தாழ நூறு கணனிகள் செத்துக் கிடந்ததை 1982இல் வெளியான தம் கட்டுரையில் அவ்விருவரும் ஒளிக்காமல் எழுதியுள்ளனர். பலவற்றை ஒருங்கே இயக்கும் ஆற்றல் பலவற்றை ஒருங்கே வீழ்த்தும் ஆற்றலுமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான ஆரம்பகாலச் சான்று தேடுதல் அரிது. நிறுத்தும் வழியை அமைத்த பின்னரே ஓடவிடும் வழியைத் திறக்கவேண்டும் என்ற பாடமும் அன்றே கிடைத்துவிட்டது. அது கற்கப்பட்டதா என்பது வேறு விடயம்.

நண்பர்களின் பட்டியல்

1983 ஓகஸ்ற் மாதத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. என்னும் யுனிக்ஸ் பதிப்பு வெளியாயிற்று. வலையமைப்பு வசதிகளை யுனிக்ஸ் உலகெங்கும் பரப்பியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. அதில் அடங்கியிருந்த கருவிகளுள் ஒன்று 'தொலை ஷெல்' என்று பொருள்படும் ஆர்.எஸ்.எச். ஆகும். கணனியின் பெயரையும் ஆணையையும் ஒரே வரியில் எழுதினால், அவ்வாணை அக்கணனியில் நிறைவேறி விடை எழுதியவரின் திரைக்கே வந்துசேரும். ஷெல் மொழியில் 'இப்பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் இதனைச் செய்' என்று மூன்று வரி எழுதினால் போதும். பட்டியலிலுள்ள நூறு கணனிகளும் ஒருவர் கைக்குள் வந்துவிடும்.

நூறு கணனிகளுக்கும் நூறு தடவை கடவுச்சொல் எழுதவேண்டுமாயின் இவ்வசதியினாற் பயனில்லை. ஆகவே பேர்க்கிலியார் ஒரு குறுக்குவழியைக் கண்டனர். ஒவ்வொரு கணனியிலும், தான் நம்பும் பிற கணனிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று வைக்கப்பட்டது. பட்டியலிலுள்ள கணனியிலிருந்து 'நான் இன்னார்' என்று ஒரு வேண்டுகோள் வருமாயின் கடவுச்சொல் கேளாமலே அது ஏற்கப்படும். வேண்டுகோள் 1024இலும் குறைந்த இலக்கமுடைய வாயிலொன்றின் வழியே வந்துள்ளதா என்று மாத்திரம் பார்க்கப்படும். அத்தகைய வாயில்களைத் திறக்கும் உரிமை அக்கணனியின் நிருவாகிக்கு மட்டுமே உண்டு, நிருவாகி நம்பத்தக்கவர், எனவே வேண்டுகோளும் நம்பத்தக்கது என்பதே இதன் தருக்கம்.

இன்று நோக்கும்போது இது பேதைமையாகத் தோன்றலாம். ஆயின் ஒரு காலத்தை அக்காலத்துச் சூழலில் வைத்தே மதிப்பிடுதல் வேண்டும். அன்று வலையமைப்பில் இணைந்திருந்த கணனிகள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இருந்த விலையுயர்ந்த பெரும் இயந்திரங்கள். அவற்றின் நிருவாகிகளுட் பலர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். ஊரிலே கதவைத் திறந்துபோட்டு உறங்குபவர் அறிவற்றவர் அல்லர், அயலாரை அறிந்தவர். ஒவ்வொருவரும் தத்தம் மேசையிலேயே சொந்தக் கணனி வைத்து, அதற்குத் தாமே நிருவாகியுமான காலம் வந்தபோது அத்தருக்கத்தின் அடித்தளமே தகர்ந்துவிட்டது. அயல் மாறிற்று, கதவு மாறவில்லை.

நம்பிக்கை தகர்தல்

எச்சரிக்கை விரைவிலேயே வந்தது. வேண்டுகோளின் மூலத்தைப் போலியாகக் காட்டி, நம்பத்தக்க கணனியொன்றைப் போல ஆள்மாறாட்டம் செய்யமுடியும் என்பதை 1985இல் றொபேட் ரப்பன் மொறிஸ் என்ற மாணவர் பெல் ஆய்வுகூட அறிக்கையொன்றில் விளக்கினார். வரலாற்றின் முரண் யாதெனில், மூன்றாண்டுகளின் பின்னர் அந்நம்பிக்கை முறையைப் பயன்படுத்திக்கொண்டவரும் அவரே.

1988 நவம்பர் 2ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவராயிருந்த மொறிஸ், தானாகவே பரவும் நிரலொன்றை மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக் கணனியொன்றிலிருந்து வலையமைப்பில் விட்டார். மடல் அனுப்பும் நிரலிலும் பயனர் விபரம் கூறும் நிரலிலும் இருந்த குறைபாடுகளோடு, கணனிகள் ஒன்றையொன்று நம்பிய நட்புப் பட்டியல்களும் அதற்கு வழிகளாயின. ஒரு கணனியிற் புகுந்தால் அது நம்பும் கணனிகள், அவற்றை நம்பும் கணனிகள் எனச் சங்கிலியாக அது நகர்ந்தது. ஏற்கெனவே புகுந்த கணனியில் மீண்டும் குடியேறாதிருக்க அதில் ஏற்பாடு இருந்தது. ஆயினும் ஏழில் ஒரு தடவை அவ்வேற்பாட்டைப் புறக்கணிக்குமாறும் அது எழுதப்பட்டிருந்தது. அந்த 'ஏழில் ஒன்று' என்ற கணிப்பே பிழையாயிற்று. பிரதிகள் எண்ணிறந்து பெருக, ஏறத்தாழ 6,000 எனப் பின்னர் மதிப்பிடப்பட்ட கணனிகள் செயற்பட இயலாது திணறின. கணனி மோசடி தொடர்பான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணித்தியாலச் சமூக சேவையும், 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. இந்நிகழ்ச்சியின் விளைவாகவே கணனி அவசர நிலைகளை ஒருங்கிணைக்கும் நிலையமொன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றியது.

இதன் பின்னரும் பலர் பழைய கதவை மாற்றினாரல்லர். 1994 டிசம்பர் 25ஆம் திகதி, பாதுகாப்பு ஆய்வாளர் சுரொமு ஷிமொமுராவின் கணனிகள், 1985இல் எச்சரிக்கப்பட்ட அதே முறையாலேயே தாக்கப்பட்டன. நம்பப்பட்ட கணனியின் வேடம் பூண்டு வந்த வேண்டுகோள் கொண்டுவந்தது ஒரே ஒரு ஷெல் ஆணை: 'எவரையும் நம்பு' என்று பொருள்படும் வரியொன்றை நட்புப் பட்டியலிற் சேர்த்துவிடு என்பதே அது. மிகச் சிறிய ஆணை; ஆயினும் அதன்பின் கதவென்று ஒன்று இருக்கவில்லை.

பூட்டும் திறப்பும்

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில், கம்பி வழியே செல்லும் கடவுச்சொற்களை ஒற்றுக்கேட்கும் தாக்குதலொன்று நிகழ்ந்தது. பழைய கருவிகள் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமல் வெறும் எழுத்தாகவே அனுப்பின என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். இதனால் உந்தப்பட்ட அப்பல்கலைக்கழக ஆய்வாளர் ரற்று இலோனன், எஸ்.எஸ்.எச். எனப்படும் 'பாதுகாப்பான ஷெல்' என்ற கருவியை எழுதி அவ்வாண்டு யூலையில் இலவசமாக வெளியிட்டார். ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதனைப் பயன்படுத்தலாயினர். 1999 டிசம்பரில் அதன் கட்டற்ற வடிவமான ஓப்பன் எஸ்.எஸ்.எச். வெளியாயிற்று.

இதன் அடிப்படை எளியது. பயனர் ஒன்றோடொன்று பொருந்தும் இரு திறப்புகளை உருவாக்குகிறார். பொதுத் திறப்பைத் தாம் ஆளவேண்டிய கணனிகளிலெல்லாம் வைத்துவிடுகிறார். அந்தரங்கத் திறப்போ அவரிடமே இருக்கும்; அது கம்பி வழியே ஒருபோதும் செல்வதில்லை. தொலைக் கணனி ஒரு புதிரை விடுக்கும். அந்தரங்கத் திறப்பை உடையவர் மாத்திரமே அதனை விடுவிக்கமுடியும். விடுவித்தவருக்கு வாயில் திறக்கும். அதன்பின் பேசப்படுவதனைத்தும் மறையாக்கத்திலேயே நிகழும். 'இந்த ஊரவர், ஆகவே நம்பலாம்' என்ற நிலை போய், 'நிறுவிக் காட்டினார், ஆகவே நம்பலாம்' என்ற நிலை வந்தது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய முதலிரு வினாக்களுக்கும் இது ஒரு தக்க விடை எனலாம். ஆயினும் ஒரு திறப்பு ஆயிரம் வாயில்களைத் திறக்குமாயின், அதனைத் திருடுபவருக்கும் ஆயிரம் வாயில்கள் திறக்கும் என்பது மறக்கத்தக்கதன்று.

இதே காலப்பகுதியில் கணனிகளின் தொகையும் பெருகிற்று. 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்ரேர்லிங், டொனல்ட் பெக்கர் ஆகியோர் 16 சாதாரண கணனிகளை ஈதர்நெற் வலையமைப்பால் இணைத்து, பேவுல்ப் என்ற தொகுதியை அமைத்தனர். விலையுயர்ந்த மீக்கணனி செய்யும் வேலையை மலிவான பல கணனிகளைக் கூட்டிச் செய்விக்கலாம் என்ற இவ்வழி விரைவிற் பரவிற்று. பதினாறு நூறுகளாகவும் ஆயிரங்களாகவும் பெருகியபோது ஒன்றன்பின் ஒன்றாக ஆணையனுப்பும் பழைய மூன்று வரிகள் போதாவாயின. ஒரு கணனி மறுமொழி தராது நின்றால் அதற்குப் பின்னுள்ளவை யாவும் காத்துக் கிடக்கவேண்டியிருந்தது.

லோறன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தில் எழுதப்பட்ட பி.டி.எஸ்.எச். என்ற கருவி இப்பிரச்சினைக்கு முறையான தீர்வொன்றைத் தந்தது. ஆயிரம் கணனிகளுக்கும் ஒரே கணத்தில் ஆணை அனுப்பினால் அனுப்பும் கணனியே மூச்சுத்திணறிவிடும். ஆகவே அது, வேறாகப் பணிக்கப்பட்டாலன்றி, ஒரு வேளையில் 32 கணனிகளோடு மாத்திரமே பேசும். ஒன்று முடிந்ததும் அடுத்ததை அவ்விடத்திற்கு எடுத்துக்கொள்ளும். மௌனமாயிருப்பதைக் குறித்த நேரத்தின் பின் கைவிட்டு அப்பாற் செல்லும். திரும்பி வரும் விடைகளைத் தொகுப்பதற்கும் துணைக்கருவி ஒன்றுண்டு. ஆயிரம் விடைகளை எந்த மனிதரும் வாசிக்கப்போவதில்லை. ஒரே மாதிரியான விடைகளை ஒன்றாக்கி, '997 கணனிகள் கூறுவது இது, மூன்று கணனிகள் கூறுவது இது' என்று காட்டினாற் போதும். நிருவாகி நாடுவது அந்த மூன்றையுமே.

ஆணையிலிருந்து வாக்குறுதிக்கு

அந்த மூன்றிலேதான் எமது மூன்றாவது வினா தங்கியுள்ளது. 'இக்கோப்பின் இறுதியில் இவ்வரியைச் சேர்' என்று நூறு கணனிகளுக்கு ஆணையிடுகின்றோம் எனக் கொள்வோம். 97 கணனிகள் அதனை நிறைவேற்றுகின்றன. மூன்று அவ்வேளையில் அணைக்கப்பட்டிருந்தன. இனி என் செய்வது? ஆணையைத் திருப்பி அனுப்பினால் மூன்றிலும் வரி சேரும். ஆயின் 97இல் அதே வரி இரண்டாவது தடவையும் சேரும். அனுப்பாது விட்டால் மூன்று கணனிகளும் என்றென்றும் மற்றவற்றினின்று வேறுபட்டு நிற்கும். ஆண்டுகள் சிலவற்றில் எந்தக் கணனி எந்த ஆணையைப் பெற்றது என்பதை எவரும் அறியாத நிலை தோன்றிவிடும்.

ஒஸ்லோ நகரிற் பணியாற்றிய பிரித்தானியப் பௌதிகவியலாளர் மார்க் பேர்ஜஸ் 1993இல் ஆக்கிய சி.எப்.என்ஜின் என்ற கருவி இச்சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகியது. 'வரியைச் சேர்' என்று ஆணையிடாதே; 'இவ்வரி இக்கோப்பில் ஒரு தடவை இருத்தல் வேண்டும்' என்று விரும்பும் நிலையை விபரி. ஒவ்வொரு கணனியும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். வரி இல்லையேல் சேர்க்கும், இருப்பின் வாளாவிருக்கும். இவ்விபரிப்பை எத்தனை தடவை அனுப்பினும் முடிவு ஒன்றே. உறங்கிய மூன்று கணனிகளும் விழித்தெழுந்ததும் மற்றவற்றோடு தாமாகவே ஒன்றிவிடும். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பேர்ஜஸ் இதனை மேலும் வளர்த்து 'வாக்குறுதிக் கோட்பாடு' ஒன்றை முன்வைத்தார். எந்தவொரு கணனியும் தன் நடத்தையைப் பற்றியே வாக்களிக்கமுடியும். பிறிதொன்றின் நடத்தைக்கு அது வாக்களிக்க முடியாது. ஆகவே மேலிருந்து பிறக்கும் கட்டளைகளின்மேலன்றி, உறுப்புகள் ஒவ்வொன்றும் தாமாக அளிக்கும் வாக்குறுதிகளின்மேலேயே ஒரு தொகுதியைக் கட்டவேண்டும் என்பது அதன் சாரம். அதிகாரம், உடன்பாடு என்பன பற்றி அரசியல் விஞ்ஞான விரிவுரைகளிற் கேட்டவற்றை ஒரு பௌதிகவியலாளர் கணனிகளிடத்தே கண்டடைந்தார் என்பது எம்போன்றோர் சிந்தனைக்குரியது.

2005இல் தோன்றிய பப்பெற் முதலிய கருவிகளும் நிலையை விபரிக்கும் இவ்வழியையே பின்பற்றின. 2012இல் மைக்கல் டிஹான் வெளியிட்ட அன்சிபிள், பழைய வழியையும் புதிய வழியையும் இணைத்தது. அது எஸ்.எஸ்.எச். வழியே நேரே சென்று ஆணைகளை நிறைவேற்றும். ஆயினும் இயன்றவரை அவ்வாணைகள் நிலையை விபரிப்பனவாகவே அமையும். அதன் பெயர், உர்சுலா லெ குவின் 1966ஆம் ஆண்டு நாவலொன்றிற் படைத்த சொல். விண்மீன்களிடையே கணமும் தாழாது செய்தி கொண்டுசெல்லும் கற்பனைக் கருவியை அது குறித்தது.

பிழையும் ஒருசேரச் செல்லும்

நான்காவது வினா எஞ்சியுள்ளது. ஆணையிட்டவர் உரிமையுடையவர், திறப்பு மெய்யானது, கணனிகள் யாவும் விழித்திருக்கின்றன, ஆயின் ஆணையே பிழை. அப்போது என் செய்வது?

2017 பெப்ரவரி 28ஆம் திகதி காலை, அமேசன் நிறுவனத்தின் 'எஸ் 3' என்னும் தரவுச் சேமிப்புச் சேவையைப் பராமரித்த ஊழியர் ஒருவர், வழக்கமான நடைமுறை ஏட்டைப் பின்பற்றி, சில வழங்கிக் கணனிகளை மாத்திரம் நீக்கும் ஆணையொன்றை இட்டார். அதன் உள்ளீடுகளுள் ஒன்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. சிலவற்றிற்குப் பதிலாக மிகப் பல நீங்கின. வட வேர்ஜீனியாப் பிரதேசத்தில் அச்சேவையை நம்பியிருந்த எண்ணற்ற தளங்களும் சேவைகளும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் முடங்கின. சேவையின் நிலைமையை மக்களுக்கு அறிவிக்கும் பலகையைத்தானும் மாற்ற இயலவில்லை. அதுவும் அதே சேவையில் தங்கியிருந்தது. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தில் அறிவித்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. கருவி இனிமேல் கணனிகளை மெதுவாகவே நீக்கும். எந்தப் பகுதியிலும் இன்றியமையாத அளவுக்குக் கீழே குறைக்க மறுக்கும். அதாவது, வேகத்திற்காகவே ஆக்கப்பட்ட கருவியை வேண்டுமென்றே மந்தமாக்கினர்.

2024 யூலை 19ஆம் திகதி நிகழ்ந்தது ஷெல் ஆணையொன்றின் விளைவன்று. எனினும் ஒன்றைப் பலவற்றிற்கு ஒருசேர அனுப்புதல் என்ற எமது பொருளின் உச்சம் அதுவே. கிறவுட்ஸ்றைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கான தரவுக் கோப்பொன்றை உலகெங்கும் அனுப்பியது. அதில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அது மீளப்பெறப்பட்டது. அதற்குள் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் மதிப்பீடு. விமான நிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் பணிகள் தடைப்பட்டன. வீழ்ந்த கணனிகள் எழுந்து வலையமைப்போடு இணையும் முன்னரே மீண்டும் வீழ்ந்தமையால் அவற்றுட் பலவற்றுக்குத் தொலைவிலிருந்து எந்த ஆணையையும் அனுப்புதல் இயலவில்லை. மனிதர்கள் ஒவ்வொரு கணனியின் முன்னும் சென்று அமர்ந்து, பிழையான கோப்பைக் கையாலே அகற்றவேண்டியதாயிற்று. இக்கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட பொறுப்பாளர், அறுபது ஆண்டு வளர்ச்சியின் பின்னர், அதே நாற்பது கணனிகளிடையே மீண்டும் நடக்கத் தொடங்கினார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தொலைவிலுள்ள பல கணனிகளை ஒருவர் ஆளும் கலையின் வரலாறு வேகத்தின் வரலாறாக மாத்திரம் அமையவில்லை என்பது புலனாகும். அது நம்பிக்கையின் வரலாறுமாகும். யார் ஆணையிடலாம், அவரே அவர் என்பதை எவ்வாறு அறிவது என்ற வினாக்களுக்கு நண்பர் பட்டியல் போய்த் திறப்பு வந்தது. சென்றடையாத ஆணை என்னாகும் என்ற வினாவுக்கு, ஆணையைக் கைவிட்டு நிலையை விபரித்தல் விடையாயிற்று. பிழையான ஆணையைத் தடுப்பது யாது என்ற நான்காவது வினாவுக்கோ இயந்திரத்தினுள்ளே முழுமையான விடை கிடையாது. சரியான ஆணையையும் பிழையான ஆணையையும் கணனி ஒரே பணிவுடன் நிறைவேற்றும்.

எஞ்சியிருப்பது ஆணையிடுபவரின் அடக்கமே. முதலில் ஒரு கணனியிற் செய்து பார், பின்னர் பத்தில், அதன்பின் நூறில். ஒவ்வொரு படியிலும் விடையை வாசித்து, மாறாக மறுமொழி தரும் மூன்றையும் தேடிச்செல். நிறுத்தும் வழியைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்கு. அனுபவமிக்க நிருவாகிகள் இன்று கைக்கொள்ளும் ஒழுங்கு இதுவே. பலோ அல்ரோவின் நூறு கணனிகள் ஒருநாட் காலையில் இதனைக் கற்பித்தன. நாற்பது ஆண்டுகளின் பின்னர் 85 இலட்சம் கணனிகள் அதே பாடத்தை மீண்டும் கற்பிக்க வேண்டியிருந்தது. கற்ற பாடத்தை அடுத்த தலைமுறைக்கு நினைவூட்டுதல் வரலாற்று மாணவரின் கடமையாதலின், கலைப்பீடத்தவர் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு வேறு சமாதானம் தேவையில்லை.